சாவுக்கு மரியாதை

‘த வாக்கிங் டெட்’ தொடரைப் பார்த்தவர்கள் புகழ்வதும் திட்டுவதும் ஒரே வாயால்தான். “அந்த மாதிரி ஒரு தொடர் இனி வராது” என்று சொன்னவரே அடுத்த மூச்சில் “ஏழாவது சீசனோடு விட்டுவிட்டேன்” என்பார். விட்டவர்களில் பலர் மறுபடி எட்டிப் பார்த்தார்கள். கடைசிவரை பார்த்தவர்களில் பலர் பொருமிக்கொண்டேதான் பார்த்தார்கள். 2010 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ஏஎம்சி சேனலில் தொடங்கிய அந்த ஜாம்பித் தொடர், 2022 நவம்பர் 20 அன்று 177ஆவது எபிசோடுடன் முடிந்தது. மொத்தம் 11 சீசன்கள். ஐந்தாவது சீசனின் முதல் எபிசோடை அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே 70 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். கடைசி எபிசோடுக்கு மிஞ்சியவர்கள் 20 லட்சத்துச் சொச்சம் பேர்.

இழு இழு என்று இழுத்துவிட்டார்கள், அதனால்தான் ஜனம் விலகிவிட்டது என்பது பரவலான விளக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தத் தொடரின் மிகச் சிறந்த இடங்கள் எல்லாம் நீளத்தால் விளைந்தவை. ரசிகர்களுக்கும் தொடருக்கும் இடையில் அறுந்துபோனது வேறொன்று. ஒரு பாத்திரத்தின் சாவை எப்படி நடத்த வேண்டும் என்பதில் இந்தத் தொடர் முதல் நாளிலேயே ஒரு வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கைக் காப்பாற்றிய இடங்களில் பார்வையாளர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். மீறிய இடங்களில் மனம் விட்டுப்போனார்கள்.

ஜார்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ முதலாக ஜாம்பிப் படங்களுக்கு ஓர் இலக்கணம் அமைந்தது. செத்தவர்கள் எழுந்து நடப்பார்கள், பிழைத்தவர்கள் ஓர் இடத்தில் அடைந்துகொள்வார்கள், இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் படங்கள் முடியும் இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்துகொண்டே போனால் என்ன என்று யோசித்தவர் ராபர்ட் கிர்க்மேன். 2003இல் தொடங்கிய அவருடைய கறுப்பு வெள்ளை காமிக்ஸ் 193 இதழ்கள் ஓடியது. முதல் சில இதழ்களை டோனி மூர் வரைந்தார், பிறகு சார்லி அட்லார்ட். உலகம் அழிந்த மறுநாள் என்ன நடக்கும் என்பதோடு, மறு வருடம், ஐந்தாம் வருடம், பத்தாம் வருடம் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்பதும் அதன் கேள்வி. முடியாமல் நீள்வதுதான் அந்தக் கதையின் பிறவிக்குணம்.

அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தவர் ‘த ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ எடுத்த ஃபிராங்க் டாரபான்ட். அவர் எழுதி இயக்கிய முதல் எபிசோடைச் சின்னத்திரையில் வந்த ஆகச்சிறந்த தொடக்கங்களில் ஒன்றாக வைப்பேன். துப்பாக்கிக் குண்டு பட்டு நினைவிழந்து கிடந்த ரிக் கிரைம்ஸ் என்ற போலீஸ்காரர், யாருமற்ற மருத்துவமனையில் கண் விழிக்கிறார். வெளியே வந்ததும் புல்வெளியில் ஒரு பெண்ணைக் காண்கிறார். அவளுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. கைகளால் தரையைப் பற்றி ஊர்ந்து வருகிறாள். அலறியடித்து அவர் ஓடுவதோடு அந்தக் காட்சி முடிந்திருந்தால் அது வெறும் பயமுறுத்தல். ஆனால் பிற்பாடு ரிக் அவளைத் தேடிக்கொண்டு திரும்பி வருகிறார். குனிந்து, உனக்கு இப்படி ஆனதற்கு வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் சுடுகிறார். அதே நேரத்தில் இன்னொரு வீட்டு மாடியில் மோர்கன் என்பவர், தெருவில் நடமாடும் தன் இறந்த மனைவியைத் துப்பாக்கியில் குறிபார்த்தபடி விசையை அழுத்த முடியாமல் அழுகிறார். இரண்டு காட்சிகளையும் மாற்றி மாற்றிப் பின்னியிருக்கிறார் டாரபான்ட். பெயர் தெரியாத பிணத்துக்கும் ஒரு மரியாதை உண்டு. நேசித்த பிணத்தைக் கொல்வது கொலையைவிடக் கடினம். தொடர் கொடுத்த வாக்கு என்று நான் சொன்னது இதைத்தான்.

அந்த வாக்குக்கு உருவம் கொடுத்ததில் பெரும்பங்கு கிரெக் நிகொடேரோவுக்கு. ரொமேரோவின் ‘டே ஆஃப் த டெட்’ படத்தில் ஒப்பனை வேலை பார்த்துத் தொழிலுக்குள் வந்தவர் அவர். ஜாம்பியாக நடிக்க வரும் துணை நடிகர்களுக்கு நடை, தலைச்சாய்வு, பார்வை என்று பயிற்சி வகுப்பே நடத்தினார். கேமராவுக்கு மிக அருகில் வருகிறவர்களுக்கு மணிக்கணக்கில் ஒப்பனை, தூரத்தில் நிற்பவர்களுக்கு முகமூடி என்று வகை பிரித்து வேலை செய்தார்கள். ஒப்பனைக்காக 2011, 2012 இரண்டு ஆண்டுகளிலும் எம்மி விருது கிடைத்தது. நான் வியப்பது விருதுக்குப் பின்னாலுள்ள நிதானத்தை. முதல் சீசனின் பிணங்கள் நேற்றுத்தான் இறந்தவர்களைப் போல இருக்கும். சீசன்கள் போகப்போகத் தோல் வற்றி, உதடு சுருங்கிப் பல் வெளியே தெரிந்து, துணி நைந்து, உடம்பில் பாசி படர்ந்துவிடும். கதையில் எத்தனை காலம் கடந்திருக்கிறது என்பதை அந்த முகங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஜார்ஜியா மாநிலத்து வெயிலையும் காட்டையும் 16 மி.மீ. ஃபிலிமின் சொரசொரப்பில் பதிவு செய்ததும், பேர் மெக்ரியரியின் இசை வேண்டாத இடத்தில் வாய்மூடி இருந்ததும் அந்த நிதானத்துக்குத் துணைநின்றன.

இரண்டாவது சீசன்தான் முதல் முணுமுணுப்பைக் கிளப்பியது. படப்பிடிப்பு நடக்கும்போதே டாரபான்ட் நீக்கப்பட்டார். பொறுப்பு கிளென் மசாராவிடம் வந்தது. ஹெர்ஷல் என்ற முதியவரின் பண்ணையில் கதை நங்கூரம் போட்டு நின்றுவிட்டது. காணாமல்போன சோஃபியா என்ற சிறுமியை எபிசோட் எபிசோடாகத் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை, உட்கார்ந்து வாதம் செய்கிறார்கள். பொறுமை இழந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏழாவது எபிசோடின் கடைசி நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். பண்ணைக் கொட்டகைக்குள் அடைத்துவைத்திருந்த பிணங்களை ரிக்கின் நண்பன் ஷேன் திறந்துவிடுகிறான். வரிசையாகச் சுட்டுத் தள்ளுகிறார்கள். சத்தம் ஓய்ந்த பிறகு கடைசியாக ஒரு சின்ன உருவம் தடுமாறி வெளியே வருகிறது. அது சோஃபியா. அத்தனை நேரம் வீரம் பேசிய ஷேனுக்குக் கை எழவில்லை. அவள் தாய் கேரலை, கூட்டத்தில் ஒருவனான டாரில் பிடித்துக்கொள்கிறான். ரிக் முன்னால் வந்து செய்ய வேண்டியதைச் செய்கிறார். ஆறு எபிசோடுகளாக நாமும் அவர்களோடு சேர்ந்து தேடியிருக்காவிட்டால் அந்த ஒரு குண்டு நம்மீது பட்டிருக்காது. சலிப்பு என்று நினைத்ததெல்லாம் அந்தக் கணத்துக்கான முதலீடு.

இப்படி நீளத்தைக் கொண்டே செதுக்கிய இடங்கள் இன்னும் பல. முதல் எபிசோடில் மனைவியைச் சுட முடியாமல் அழுத மோர்கனை மூன்றாவது சீசனின் 12ஆவது எபிசோடில் மறுபடி சந்திக்கிறோம். அன்று அவர் விட்டுவைத்த மனைவிதான் பிறகு அவர்கள் மகனைக் கடித்திருக்கிறாள். சித்தம் கலங்கிப்போய், சுவரெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறார். ஒரு கருணை என்ன விலை கேட்டது என்று சொல்ல, தொடர் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தது. இரண்டு மணி நேரப் படத்தால் இதைச் செய்ய முடியாது.

கேரல் இன்னும் பெரிய சாதனை. கணவனிடம் அடிவாங்கிக்கொண்டு தலைகுனிந்து நின்ற பெண் பதினொரு சீசன்களில் அடையும் மாற்றத்தை மெலிசா மெக்பிரைட் பார்வையாலும் தோளின் நிமிர்வாலும் காட்டினார். நான்காவது சீசனின் 14ஆவது எபிசோடில், பிணங்களும் உயிருள்ளவைதான் என்று நம்பும் லிஸி என்ற சிறுமி, தங்கை மீண்டும் எழுந்து வருவாள் என்ற நம்பிக்கையில் அவளைக் கொன்றுவிடுகிறாள். இனி இந்தக் குழந்தையை மனிதர்கள் நடுவே வைத்திருக்க முடியாது என்று முடிவெடுக்க வேண்டியவள் கேரல், மகளைப் பறிகொடுத்த கேரல். பூக்களைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவள் அழுதுகொண்டே துப்பாக்கியை எடுக்கும் காட்சியை மறுமுறை பார்க்கத் துணிவு வேண்டும். சோஃபியாவின் சாவு அந்தக் காட்சிக்குள் பெயர் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. காமிக்ஸில் இல்லாத டாரிலை நார்மன் ரீடஸ் மக்கள் நாயகனாக்கியதும், ஆண்ட்ரூ லிங்கனின் ரிக் கண்முன்னே முதுமை ஏறி முரடாகிப் பின் கனிந்ததும் இதே காலத்தின் கொடை.

இனி முறிவு. கிளென் என்ற இளைஞன் முதல் சீசனிலிருந்தே அந்தக் கூட்டத்தின் மனசாட்சி. ஸ்டீவன் யுன் அவனை அவ்வளவு இயல்பாக நடித்திருந்தார். ஆறாவது சீசனில், 2015 அக்டோபரில், குப்பைத்தொட்டி மேலிருந்து பிணக்கூட்டத்துக்குள் அவன் விழுவதையும் குடல் உருவப்படுவதையும் காட்டினார்கள். டைட்டிலிலிருந்து நடிகரின் பெயரையும் எடுத்துவிட்டார்கள். நான்கு வாரம் கழித்து, கிழிக்கப்பட்டது வேறொருவர் உடல், கிளென் தொட்டிக்கு அடியில் பதுங்கித் தப்பினான் என்றார்கள். அழுதவர்களுக்கு நிம்மதி வரவில்லை, அவமானம்தான் வந்தது. அதே சீசனின் முடிவில் நீகன் என்ற எதிரி தன் முள்கம்பி சுற்றிய மட்டையை ஓங்குகிறான். அடிபடுபவர் யார் என்று காட்டாமல் திரையை இருட்டாக்கி ஆறு மாதத்துக்கு மேல் காக்க வைத்தார்கள். 2016 அக்டோபர் 23 அன்று, மறுபடியும் முதலில் கொஞ்ச நேரம் இழுத்தடித்துவிட்டு, கூட்டாளி ஆபிரகாமையும் கிளெனையும் கொன்றார்கள்.

கொடூரம் தாங்காமல் மக்கள் விலகினார்கள் என்று சொல்வது பாதி உண்மை. 2012இல் வந்த காமிக்ஸின் 100ஆவது இதழிலேயே நீகன் கையால் கிளென் இறந்துவிட்டான். காமிக்ஸ் படித்த ரசிகர்கள் அந்தச் சாவுக்குத் தயாராகவே இருந்தார்கள். அந்த எபிசோடில்கூட, மட்டை ஓய்ந்த பிறகு கிளெனின் கர்ப்பிணி மனைவி மேகி மண்டியிட்டிருந்த இடத்திலிருந்து எழ முயல்வதும், லாரன் கோஹன் அந்தத் துக்கத்துக்குக் கொடுத்த குரலும் உயர்ந்த நடிப்பு. தவறு வேறெங்கோ நடந்தது. சோஃபியாவின் சாவு நம்மைப் பாத்திரங்களின் பக்கம் நிறுத்தியது. கிளெனின் சாவை ஒரு புதிராக்கி, யார் என்று ஊகிக்கும் போட்டியாக மாற்றியபோது, நாம் சூதாட்ட மேசையின் பக்கம் நிறுத்தப்பட்டோம். அழ வேண்டிய நேரத்தில், ஓ இவன்தானா என்று விடை சரிபார்க்க வைத்துவிட்டார்கள். அந்த எபிசோடையும் 1.7 கோடி பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எண்ணிக்கை அந்த உயரத்துக்கு வரவே இல்லை.

அடுத்த காயம் எட்டாவது சீசனில். ரிக்கின் மகன் கார்ல் கடிபட்டு இறக்கிறான். காமிக்ஸின் கடைசி இதழில் வளர்ந்து, மணமாகி, தன் மகளுக்குத் தகப்பனாக நிற்பவன் அவன். அந்த நெடுங்கதையே ஒரு தகப்பன் தன் மகனுக்கு உலகத்தை ஒப்படைக்கும் கதை என்று அங்கே புரியும். தொடர் அந்தத் தண்டையே வெட்டியது. கார்லின் விடைபெறல் நிதானமாக, கண்ணியமாக எடுக்கப்பட்டிருந்தும், நம்பிக்கை இழந்த பார்வையாளர்கள் அதையும் இன்னொரு தந்திரமாகவே எடுத்துக்கொண்டார்கள். நீகனுக்கு எதிரான போரைச் சொல்லும் அந்தச் சீசன் சுடுவதும் பேசுவதுமாகத் தளர்ந்து போனதும் உண்மை. இழுவை என்ற புகார் முழுக்கப் பொருந்துவது அங்கேதான்.

ஒன்பதாவது சீசனில் ஏஞ்சலா காங் பொறுப்பேற்றபோது முதல் எபிசோடுக்கு இருந்தவர்கள் ஏறக்குறைய 60 லட்சம் பேர். தொடர் தன் பழைய குணத்துக்குத் திரும்பியதை மற்றவர்கள் பார்க்கவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். அவர் காலத்தை மறுபடி கதைக்குள் கொண்டுவந்தார். சாலைகளில் புல் முளைத்திருந்தது, பெட்ரோல் தீர்ந்து குதிரை வண்டிகள் ஓடின, கலப்பையை அருங்காட்சியகத்திலிருந்து எடுத்துவந்து உழுதார்கள். ரிக் விலகினார், சில வருடங்கள் ஒரே தாவலில் கடந்தன. பிணத்தின் தோலை உரித்து முகத்தில் அணிந்து பிணக்கூட்டத்தோடு நடக்கும் எதிரிகள் வந்தார்கள். அவர்கள் தலைவி ஆல்ஃபாவாகச் சமந்தா மார்ட்டன் முணுமுணுப்பிலேயே குலைநடுங்க வைத்தார்.

அந்தச் சீசனில் ஆல்ஃபா பத்துப் பேரின் தலைகளைக் கழிகளில் நட்டுவைக்கும் எபிசோடை, கிளெனின் சாவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கேயும் யார் யார் என்பது கடைசிவரை மறைக்கப்படுகிறது. இங்கேயும் அன்புக்குரியவர்கள்தான். ஆனால் அதோடு எபிசோட் முடியவில்லை. உயிரோடு விடப்பட்ட மருத்துவர் சித்தீக், திருவிழாவுக்குக் கூடிய மக்கள் முன்னால் நின்று, அந்தப் பத்துப் பேரும் ஒருவருக்காக ஒருவர் எப்படிப் போராடினார்கள் என்று சொல்கிறான். ஆல்ஃபா விரும்பியது பயம். அவன் அதைப் பெருமையாக மாற்றிக் கொடுக்கிறான். அதே மறைப்பு உத்தி, இங்கே சாவுக்கு மரியாதை செய்யப் பயன்பட்டிருக்கிறது. உத்தி குற்றமற்றது, அதை எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தத் தொடருக்குள் இல்லை.

கடைசி சீசனில் எதிர்ப்பக்கமாக ஒரு சறுக்கல். டாரிலுக்குத் தனித் தொடர், மேகிக்கும் நீகனுக்கும் தனித் தொடர் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். அவர்கள் சாக மாட்டார்கள் என்று தெரிந்த பிறகு அவர்கள் கழுத்துக்கு வரும் எந்தக் கத்திக்கும் கூர் இல்லை. இருந்தும் இறுதி எபிசோடில் இரண்டு விஷயங்கள் நிறைவாக அமைந்தன. கடிபட்ட தோழி ரொஸீட்டாவுக்கு ஓடாமல், கத்தாமல், மகளைப் படுக்க வைத்து, வேண்டியவர்களிடம் சொல்லிக்கொண்டு படுக்கையில் இறக்கும் வரம் கிடைத்தது. அந்த உலகத்தில் அது அரிது. மற்றொன்று, கிளெனைக் கொன்ற நீகன் மேகியிடம் மன்னிப்புக் கேட்பதும், உன்னை மன்னிக்க என்னால் முடியாது என்று அவள் நேர்மையாகச் சொல்வதும். ஆறு வருடம் தாமதமாக, கிளெனுக்குச் சேர வேண்டிய துக்கம் அங்கே சேர்ந்தது.

ஆகவே ரசிகர்களின் இரட்டை மனதை நான் குழப்பமாகப் பார்க்கவில்லை. அது மிகத் துல்லியமான ரசனை. எந்தச் சாவு தங்களை மதித்தது, எந்தச் சாவு தங்களைப் பயன்படுத்திக்கொண்டது என்று பெயர் சொல்லிப் பிரித்துக் காட்ட அவர்களால் முடியும். பல விமர்சகர்கள் செய்யாத வேலை அது. ஏழாவது சீசனில் எழுந்துபோனவர்களின் கோபம் நியாயமானது. அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: எட்டாவதைத் தாண்டி ஒன்பதாவது சீசனிலிருந்து மறுபடி தொடங்குங்கள். உங்களுக்குக் கொடுத்த வாக்கை நினைவு வைத்திருந்த ஒருவர் அங்கே வேலை செய்திருக்கிறார்.