முகத்தில் மட்டும் முகஸ்துதி இல்லை

மொகலாயச் சிற்றோவியத்தில் ஒரு பாதுஷாவைப் பார்க்கக் கிடைத்தால், தங்கத்தையும் தலைப்பாகையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கன்னத்தைப் பாருங்கள்.

ஜஹாங்கீரின் அவை ஓவியர் பிசித்ர் 1615–18 வாக்கில் வரைந்த ஓவியம் ஒன்று வாஷிங்டன் ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கிறது. மணற்கடிகையே அரியணை. தலைக்குப் பின்னே சூரியனும் பிறையும் இணைந்த பெரிய ஒளிவட்டம். துருக்கி சுல்தானும் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸும் காத்து நிற்க, பாதுஷா ஒரு முதிய சூஃபிக்குப் புத்தகம் வழங்குகிறார். புகழ்ச்சிக்கு இதற்கு மேல் படி கிடையாது. ஆனால் அத்தனை ஒளிக்கும் நடுவே இருக்கும் முகம்? தளர்ந்த கன்னம், மோவாயின் கீழ் இறங்கிய சதை. பதவிக்குரிய மரியாதையைப் பொன்னில் செலுத்திவிட்டு, முகத்தில் மனிதரை வைத்திருக்கிறார் பிசித்ர்.

ஜேம்ஸ் நம் பக்கம் முகம் காட்டுகிறார். ஜஹாங்கீர் முழுப் பக்கவாட்டில் இருக்கிறார். நெற்றியில் தொடங்கி மோவாயில் முடியும் அந்த ஒற்றைக் கோட்டில் எதையும் ஒளிக்க முடியாது. மயிரிழை பிசகினால் ஆள் மாறிவிடுவார்.

அந்தக் கோட்டுக்குப் பின்னால் பெரிய உழைப்பு உண்டு. பல தாள்களை ஒட்டி ‘வஸ்லி’ செய்வார்கள். வண்ணம் தீட்டியபின் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் அகேட் கல்லால் தேய்ப்பார்கள்; வண்ணம் தாளோடு இறுகிப் பளபளக்கும். சருமத்துக்கு அணில்முடித் தூரிகையின் நுனியால் நுண்ணிய தீற்றல்கள், அடுக்கு மேல் அடுக்காக. முத்துக்கோ வெள்ளையைத் தடிப்பாக வைத்துப் புடைக்க விடுவார்கள்.

காதில் தொங்கும் முத்துக்கும் கதை உண்டு. 1614இல் நோயிலிருந்து மீண்ட ஜஹாங்கீர், அஜ்மீரில் அடங்கிய சூஃபி ஞானி குவாஜாவுக்கு நன்றியாகக் காது குத்திக்கொண்டார். அவர் உருவப்படங்களின் காலத்தைக் கணிக்க இன்றும் அந்த முத்து உதவுகிறது.

ஒரே படத்தில் முகத்தை ஒருவரும் கண்ணையும் புருவத்தையும் இன்னொருவரும் வரைந்திருந்தாலும் யார் கை எதுவென்று சொல்லிவிடுவேன் என்று தன் நினைவுக்குறிப்பில் பெருமைப்பட்டுக்கொண்டவர் ஜஹாங்கீர். அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால் பொய் முகம் செல்லுபடியாகாது. பிசித்ரின் நேர்மையைக் கொண்டாடும்போது, தன் தளர்ந்த கன்னத்தையும் கலையாக ஏற்ற அந்த ரசிகருக்கும் பாதிப் பாராட்டைக் கொடுத்தே ஆக வேண்டும்.