முதுகில் 36 சிலிண்டர்

பதினொரு வருடமாக நான் இன்போர்டு கட்சி. படகென்றால் இன்ஜின் வயிற்றுக்குள் இருக்க வேண்டும், டீசல் குடிக்க வேண்டும், கிளப்பினால் உள்ளங்காலில் ஒரு கடகடப்பு ஏற வேண்டும். பின்பக்கம் தொங்கும் அவுட்போர்டெல்லாம் ஊரில், குமரிக் கடற்கரையில், மண்ணெண்ணெய் ஊற்றி ஃபைபர் படகில் ஓட்டும் 9.9 குதிரைத்திறன் சமாச்சாரம் என்று எனக்கொரு மிதப்பு. போன பிப்ரவரியில் மியாமியில் ஒரே மதியத்தில் கட்சி மாறிவிட்டேன். வெட்கமாகக்கூட இல்லை.

மாற்றியவன் மச்சினன். அங்கே படகுத்துறை ஒன்றில் மெக்கானிக். “சர்வீஸ் முடிஞ்ச படகு, ஓட்டிப் பாக்கணும். வாறீங்களா அத்தான்?” என்றான். போய்ப் பார்த்தால் 42 அடிப் படகு. அதன் முதுகில் வரிசையாக மூன்று மெர்க்குரி வெராடோ வி12. ஒவ்வொன்றும் 7.6 லிட்டர், 12 சிலிண்டர், 600 குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 570 கிலோ. என் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. 2021-இல் இந்த இன்ஜின் வந்தபோது, அமெரிக்கக்காரனுக்கு வேறு வேலையில்லை என்று சொன்ன ஆட்களில் நானும் ஒருவன்.

துறையை விட்டு விலகும்போதே வாயைப் பிளந்தேன். பக்கவாட்டுக் காற்று நன்றாகவே அடிக்கிறது. மச்சினன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. விரல் நுனியில் ஒரு ஜாய்ஸ்டிக். படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்தது. நான் பின்னால் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். வழக்கமான அவுட்போர்டில் இன்ஜின் முழுசாகத் திரும்பும். இதில் மூன்று வெள்ளை மண்டைகளும் அசையவே இல்லை. தண்ணீருக்குள் கால்கள் மட்டும் ஆளுக்கொரு திசையில் திரும்பிக்கொண்டிருந்தன. பரதம் ஆடுகிறவர் முகத்தை அசைக்காமல் பாதத்தில் ஜாலம் காட்டுவதுபோல. மண்டை திரும்பாததால் மூன்றையும் நெருக்கி மாட்டவும் முடிகிறது.

கவர்ன்மென்ட் கட் கால்வாயைத் தாண்டி வெளிக்கடல். “பிடிச்சுக்கோங்க அத்தான்.” கைப்பிடியைத் தள்ளினான். அணியம் வானத்தைப் பார்த்து எழும், சில விநாடி முன்னால் ஒன்றும் தெரியாது, பிறகு மெல்லப் படியும். என் படகில் அப்படித்தான் பழக்கம். இங்கே எழுந்ததும் தெரியவில்லை, படிந்ததும் தெரியவில்லை. நடுவில் ஒரு சின்ன மாற்றம் மட்டும் காதில் விழுந்தது. கியர் மாறுகிறதாம்! கார் போல இரண்டு கியர், அதுவும் தானாகவே. மீட்டர் மணிக்கு 60 மைலைத் தொட்டபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று மச்சினன் பிற்பாடு சொன்னான். எனக்கு ஞாபகமில்லை.

யோசித்தால் காரணம் எளிது. இன்போர்டில் இன்ஜின் நடுவயிற்றில். அதிலிருந்து ஒரு ஷாஃப்ட் சரிந்து இறங்கி, படகின் அடியில் ஓட்டை வழியாக வெளியே வருகிறது. சரிவாக இருப்பதால் உந்துவிசையில் ஒரு பங்கு மேல்நோக்கிப் போய் வீணாகிறது. ஷாஃப்டும் அதைத் தாங்கும் கால்களும் சுக்கானும் சேர்ந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே வருகின்றன. அவுட்போர்டு நேராகத் தள்ளுகிறது. அலைக்குத் தக்கபடி கோணத்தையும் மாற்றலாம். வேண்டாதபோது காலைத் தூக்கிக்கொள்ளும்.

அந்த ஓட்டை இருக்கிறதே, அதுதான் என் பதினொரு வருடத் தூக்கத்தைத் தின்றது. ஷாஃப்டைச் சுற்றி இறுக்கிய பாக்கிங் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால்தான் சூடாகாமல் இருக்கும். அளவாகக் கசிகிறதா, அதிகமாகக் கசிகிறதா என்று டார்ச்சோடு குப்புறப் படுத்துப் பார்ப்பேன். இன்ஜின் அறைக்குள் வெந்நீர் அண்டாவுக்குள் இறங்கியது போன்ற வெக்கை. கடல்நீர் பம்ப்புக்கு ரப்பர் விசிறி மாற்றிய ஒரு நாள் முழங்கைத் தோல் எக்சாஸ்டில் ஒட்டிக்கொண்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. பெட்ரோல் இன்போர்டு வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் மோசம்: உள்ளே ஆவி தேங்கியிருந்தால் வெடிக்கும் என்பதால், கிளப்புமுன் நான்கு நிமிடம் ஊதுவிசிறி ஓட்டிக் காத்திருக்க வேண்டும்.

மச்சினன் அந்த வி12-இன் தலையில் ஒரு சின்னக் கதவைத் திறந்து, நின்றபடியே ஆயில் பார்த்துவிட்டு மூடினான். அவ்வளவுதான்.

வயிறு காலியானதில் வந்த வரவு தனி. என் படகில் இன்ஜின்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இங்கே பெட்ரோல் டேங்க், ஆடாமல் பிடிக்கும் கைரோ, அதுபோக ஒரு ஆள் தாராளமாகப் புரண்டு படுக்க இடம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், எல்லாம் ஒரே மாநிலத்து வேலை. ஓலே எவின்ரூட் 1909-இல் விற்க ஆரம்பித்த அவுட்போர்டு ஒன்றரைக் குதிரைத்திறன்; ஊர் மில்வாக்கி, விஸ்கான்சின். ஏரியில் படகு வலித்துப் போய் ஐஸ்கிரீம் வாங்கித் திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாம், அந்த எரிச்சலில் பிறந்த யோசனை என்று கதை சொல்வார்கள். காடிலாக் கார் இன்ஜினை நிமிர்த்தி வைத்து 557 குதிரைத்திறன் காட்டிய செவன் மரீனும் விஸ்கான்சின். மெர்க்குரியும் அங்கேதான். பனியில் ஏரி உறைந்து கிடக்கும் ஊரில் உட்கார்ந்து ஃப்ளோரிடாக்காரனுக்குப் பைத்தியம் பிடிக்க வைத்திருக்கிறார்கள்!

செலவா? அதைக் கேட்காதீர்கள். முழு வேகத்தில் பத்துக் குதிரைத்திறனுக்கு மணிக்கு ஒரு கேலன் பெட்ரோல் என்பது மெக்கானிக்குகளின் வாய்க்கணக்கு. 1800-க்கு 180 கேலன், கிட்டத்தட்ட 680 லிட்டர். டீசல் இதைவிட வெகு சிக்கனம், ஆயுளும் கெட்டி. மார்லின் பிடிப்பவர்கள் படகைப் பின்னோக்கி ஓட்டியபடி மீனோடு மல்லுக்கட்டுவார்கள். நூல் சிக்க இன்ஜின் எதுவும் துருத்தாத பின்பக்கம் அவர்களுக்கு வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். எனக்கு மார்லின் வேண்டாம்.

வடக்கே ஏறி ஹாலோவர் முகத்துவாரம் வழியாக உள்ளே திரும்பினோம். வற்றும் நீரும் எதிர்க்காற்றும் மோதி அலை குத்துச்சுவராக நிற்கும் இடம். பாலத்தடி வரை மெல்ல ஊர்ந்தே போனோம். அதைத் தாண்டினால் மணல்திட்டு. நான்கடி ஆழம் கேட்கும் என் படகில் இதைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. மச்சினன் பொத்தானை அழுத்த, மூன்று கால்களும் தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே எழுந்தன. இடுப்பளவு நீரில் இறங்கி நின்றேன். என் மூக்குக்கு நேரே, ஒன்றன்பின் ஒன்றாக எதிரெதிரே சுற்றும் ஜோடிப் புரொப்பல்லர். இரண்டுக்கும் நடுவே பளபளவென்று ஏதோ.

தூண்டில் நூல். பாலத்தடியில் சிக்கியிருக்க வேண்டும். மச்சினன் கத்தியை எடுத்து அறுத்து, கையில் சுருட்டிக்கொண்டே வந்தான். மூன்று நிமிடம் ஆகியிருக்காது.

போன வருடம் என் ஷாஃப்டில் நண்டுக்கூண்டுக் கயிறு சுற்றியது. முங்கிப் பார்த்த ஆள் கையை விரித்துவிட, படகை முழுசாகக் கிரேனில் தூக்கினார்கள். தூக்கிய நாளுக்கும் இறக்கிய நாளுக்கும் இடையே ஒன்பது நாள். பில்லை மனைவியிடம் இன்னும் காட்டவில்லை.

“இதுக்குத்தானே அத்தான் அன்னைக்குக் கிரேன் வந்துது?” என்று நூல் உருண்டையை என் உள்ளங்கையில் வைத்தான்.

“அக்காகிட்ட சொல்லாதே” என்றேன்.