ஸ்கார்பரோ மணலில் எழுந்த தீவு: டொரண்டோ தீவைக் குழந்தைகளோடு ரசிப்பது எப்படி?

டொரண்டோ தீவுக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கிளம்பி, வெயிலில் வரிசையில் நின்று, சென்டர் ஐலண்ட் ஃபெரியில் ஏறி, இறங்கியதும் நேரே சென்டர்வில் ராட்டினங்களுக்குப் போய், மாலையில் களைத்த பிள்ளைகளோடு மறுபடியும் வரிசையில் நிற்பது. பிள்ளைகளுக்கு அதிலும் சந்தோஷம் உண்டு. ஆனால் ராட்டினத்தை எங்கும் பார்க்கலாம். அந்தத் தீவை அங்கே மட்டும்தான் பார்க்க முடியும். கொஞ்சம் முன்கூட்டியே யோசித்தால், ராட்டினத்துக்கும் நேரம் ஒதுக்கி, தீவையும் முழுமையாக ரசித்துவிட்டு வரலாம்.

முதலில் கதையைச் சொல்லுங்கள்

கிளம்புவதற்கு முந்தைய இரவு, பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு நல்ல கதை இருக்கிறது: இந்தத் தீவு ஸ்கார்பரோவிலிருந்து வந்தது.

ஒன்டாரியோ ஏரிக்கரையில் சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் ஸ்கார்பரோ பிளஃப்ஸ், பனியுகம் விட்டுச்சென்ற மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்த செங்குத்து மேடு. சில இடங்களில் 90 மீட்டர் உயரம். அலைகள் அதன் அடிவாரத்தை அரிக்கும். மேலே உள்ளது சரியும். சரிந்த மணலை நீரோட்டம் மேற்கே இழுத்துப் போகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படி நடந்ததில், இன்றைய துறைமுகத்துக்கு முன்னால் நீண்ட மணல்திட்டு ஒன்று உருவானது.

அப்போது அது தீவு அல்ல. கிழக்குப் பக்கம் நிலத்தோடு ஒட்டியிருந்தது. மக்கள் நடந்தும் குதிரை வண்டியிலும் போய் வந்தார்கள். 1858 ஏப்ரல் 13-ஆம் தேதி அடித்த புயல் அந்த ஒட்டு நிலத்தை அறுத்துக்கொண்டு போனது. அந்த உடைப்புதான் இன்று கப்பல்கள் நுழையும் கிழக்கு வாய்க்கால். அன்றுதான் அந்தத் திட்டு நிரந்தரமாகத் தீவானது.

ஸ்கார்பரோவில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இது வெறும் புவியியல் பாடம் அல்ல, சொந்த ஊர்ச் செய்தி. முடிந்தால் முந்தைய வாரம் பிளஃபர்ஸ் பார்க்குக்கு அழைத்துப் போய் அந்த மேட்டைக் காட்டிவிடுங்கள். பிறகு தீவில் இறங்கும்போது, தான் மிதிக்கும் மணல் எங்கிருந்து வந்தது என்று பிள்ளையே தாத்தா பாட்டிக்கு விளக்கும்.

எந்தத் துறையில் இறங்குவது?

ஃபெரி மூன்று துறைகளுக்குப் போகிறது: கிழக்கே வார்ட்ஸ் ஐலண்ட், நடுவே சென்டர் ஐலண்ட், மேற்கே ஹான்லன்ஸ் பாயிண்ட். கிழக்கிலிருந்து மேற்கு வரை சுமார் ஐந்து கிலோமீட்டர். வண்டிகளுக்கு அனுமதி இல்லை. எல்லாம் நடைதான், அல்லது சைக்கிள். ஒரே நாளில் மூன்றையும் பார்க்க ஆசைப்பட வேண்டாம். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால், காலையில் வார்ட்ஸில் இறங்கி, மதியத்துக்கு மேல் சென்டர் ஐலண்டுக்கு நடந்து வந்து, அங்கிருந்து திரும்புவது நல்ல வழி. காலை நேரத்தில் வார்ட்ஸ் அமைதியாக இருக்கும். ராட்டினக் கூட்டம் சற்றுத் தணியும் வேளையில் நீங்கள் சென்டர்வில்லில் இருப்பீர்கள். ஓரளவு பெரிய பிள்ளைகள், சைக்கிள் ஓட்டக் கூடியவர்கள் என்றால் மேற்குப் பக்கத்துக்குத் தனியாக இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஒன்பது மணிக்குத் துறையில் இருந்தால் நாளின் பாதித் தொல்லை தீர்ந்தது. ஸ்கார்பரோவிலிருந்து காரில் போய் டவுன்டவுனில் பார்க்கிங் தேடுவதைவிட, கோ ரயிலிலோ சப்வேயிலோ யூனியன் ஸ்டேஷன் போய், அங்கிருந்து பே தெருவில் தெற்கே ஏரியை நோக்கி நடப்பது எளிது. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு டிடிசியிலும் கோ ரயிலிலும் கட்டணம் இல்லை. பே தெரு முடியும் இடத்தில் ஜாக் லேட்டன் ஃபெரி டெர்மினல். டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். அது போக வர இரண்டுக்கும் சேர்த்த கட்டணம். தீவிலிருந்து திரும்பும்போது யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

ஃபெரியிலேயே ரசனை தொடங்குகிறது

ஏறியதும் எல்லோரும் முன்பக்கம் ஓடுவார்கள். நீங்கள் பிள்ளைகளைப் பின்பக்கம் நிறுத்துங்கள். பத்துப் பதினைந்து நிமிடப் பயணத்தில் நகரம் சிறுத்துக்கொண்டே போவதை அங்கிருந்துதான் பார்க்க முடியும். முதலில் தலையை அண்ணாந்து பார்த்த கட்டடங்கள், பாதி வழியில் 553 மீட்டர் சிஎன் டவரோடு சேர்ந்து ஒரே பார்வைக்குள் அடங்கிவிடும்.

படகின் பெயரையும் வாசிக்கச் சொல்லுங்கள். சாம் மெக்பிரைட் 1939-இல் ஓடத் தொடங்கிய படகு. தாமஸ் ரென்னி 1951-இல். பக்கச் சக்கரங்களால் நீரைத் தள்ளும் நீராவிப் படகான டிரில்லியம் 1910-இல் கட்டப்பட்டது.

குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் போய்ப் பழகிய அம்மம்மாவோ அப்பப்பாவோ உடன் வந்தால், அவர்களைப் பேச விடுங்கள். இந்தத் தண்ணீரில் உப்பில்லை, கண்ணுக்குத் தெரியும்படி வற்றுப்பெருக்கும் இல்லை என்று பேரப்பிள்ளைகள் சொல்ல, அந்தத் தீவுப் படகுகளைப் பற்றி அவர்கள் சொல்ல, நல்ல உரையாடல் ஒன்று தானாக அமையும்.

வார்ட்ஸ் பீச்: ஒரு கைப்பிடி மணல்

துறையிலிருந்து வார்ட்ஸ் பீச் பத்து நிமிட நடை. சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற, ஒதுக்கமான கரை. குளிப்பதற்கு முன் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். ஒன்டாரியோ ஏரி மிக ஆழமானது; அதிகபட்சம் 244 மீட்டர். காற்று கரையிலிருந்து ஏரியை நோக்கி அடிக்கும்போது மேலே உள்ள வெதுவெதுப்பான நீர் விலகி, அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வந்துவிடும். அதனால் ஜூலையிலும்கூட நேற்று இதமாக இருந்த தண்ணீர் இன்று உடலை நடுக்கும். மாற்றுத் துணியோடு தடிப்பான ஒரு துவாயும் எடுத்துப் போவது நல்லது.

இங்கே பிள்ளைகளோடு கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. வீட்டிலிருந்து ஒரு சிறு காந்தத்தை பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கொண்டு போங்கள். அலை வந்து திரும்பும் விளிம்பில், வெளிர் மணலுக்கு நடுவே கரும் கோடுகளாக மணல் படிந்திருந்தால் அந்த இடத்தில் உட்காருங்கள். காய்ந்த கரும் மணலில் ஒரு கைப்பிடி அள்ளி, பைக்குள் இருக்கும் காந்தத்தை அதன் மேல் மெல்ல நகர்த்துங்கள். கரிய துகள்கள் குதித்து வந்து ஒட்டி, முள்முள்ளாக நிமிர்ந்து நிற்கும். அது மாக்னடைட் என்ற இரும்புக் கனிமம். ஒட்டாமல் கையில் மிஞ்சுவதை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் செந்நிறத் துகள்கள் மினுங்கும், அவை கார்னெட். வடக்கே உள்ள பழம்பாறைகளைப் பனிப்பாளங்கள் அரைத்துக்கொண்டு வந்து பிளஃப்ஸில் சேர்த்ததை, ஏரி இங்கே கொண்டு வந்து தரம் பிரித்திருக்கிறது. கனமான துகள்களை விட்டுவிட்டு லேசானவற்றை அலை இழுத்துப் போவதால்தான் அந்தக் கரும் கோடு உண்டாகிறது. பைக்குள்ளிருந்து காந்தத்தை வெளியே எடுத்தால் துகள்கள் உதிர்ந்துவிடும். விளையாட்டை மறுபடி தொடங்கலாம். நாலு வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே ஆர்வத்தோடு செய்யக்கூடிய வேலை இது.

மனிதர் வாழும் தீவு

வார்ட்ஸிலும் பக்கத்திலுள்ள அல்கான்குவின் தீவிலும் சுமார் 260 வீடுகள் உண்டு. சிறு சிறு மரவீடுகள், முற்றம் நிறையப் பூக்கள். இங்கே வாழ்கிறவர்கள் மளிகைச் சாமான்களைச் சைக்கிளிலும் கைவண்டியிலும் கொண்டு போவார்கள். ஒரு காலத்தில் சென்டர் ஐலண்டிலும் வீடுகள், ஓட்டல்கள், கடைத்தெரு, திரையரங்கு எல்லாம் இருந்தன. 1950-களிலிருந்து பூங்கா அமைப்பதற்காக அவற்றை இடித்தார்கள். மிஞ்சியவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 1993-இல் வந்த ஒன்டாரியோ சட்டம் அவர்களுக்கு 99 ஆண்டுக் குத்தகை உரிமை தந்தது. வீட்டை இழப்பதும் வீட்டுக்காகப் போராடுவதும் என்னவென்று நம் குடும்பங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு இதை விளங்கச் சொல்வது சிரமமே இல்லை.

இவர்கள் எல்லோருக்கும் முன்பே மிஸ்ஸிஸாகா பூர்வகுடி மக்களுக்கு இது நோய் தீர்க்கும் புனித இடமாக இருந்தது. டொரண்டோ நிலம் கைமாறியது தொடர்பான அவர்களுடைய கோரிக்கை, 2010-இல் கனடா அரசு 14.5 கோடி டாலர் வழங்க ஒப்புக்கொண்டபோதுதான் முடிவுக்கு வந்தது. அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அந்தத் தெருக்களில் நடக்கும்போது மெதுவாகப் பேசவும், வேலிக்கு வெளியே நிற்கவும் பிள்ளைகளைப் பழக்குங்கள். அது பூங்கா அல்ல, ஒருவர் வீட்டு வாசல்.

சாப்பாடும் நடையும்

தீவில் உணவுக் கடைகள் உண்டு; கூட்ட நாளில் காத்திருக்க வேண்டிவரும். கட்டுச்சாதம்தான் கைகொடுக்கும். புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், ஸ்கார்பரோ டேக்அவுட்டில் காலையில் வாங்கிய மீன் ரோல்ஸ், கட்லட், நிறையத் தண்ணீர். சாப்பிடும்போது கனடா வாத்துகள் சூழ்ந்துகொள்ளும். அவற்றுக்கு எதுவும் போடாதீர்கள். வெயில் உச்சிக்கு வரும் நேரத்தை மரநிழலில் கழித்துவிட்டு, தென்கரையோர மரப்பலகை நடைபாதை வழியாக சென்டர் ஐலண்டை நோக்கி நடங்கள். குழந்தைகளோடு ஒரு மணி நேரம் ஆகும். இடது கைப்பக்கம் முழுவதும் ஏரி, எதிர்க்கரை தெரியாது. உட்பக்கக் கால்வாய்கள் பக்கம் திரும்பினால், நீரில் கிடக்கும் மரக்கட்டைகளில் ஆமைகள் வெயில் காய்வதைப் பார்க்கலாம். செப்டம்பரில் போனால் மெக்சிகோவுக்குப் புறப்பட்ட மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளையும் காணலாம்.

சென்டர்வில் 1967-இல் தொடங்கிய பூங்கா. உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. ராட்டினங்களுக்கு மட்டும் டிக்கெட். எத்தனை ராட்டினம் என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். அங்கே போய்ப் பேசினால் அழுகையில்தான் முடியும். பக்கத்தில் உள்ள ஃபார் எனஃப் ஃபார்ம் பண்ணையில் ஆடு, மாடு, கோழிகளைச் செலவில்லாமல் பார்க்கலாம்.

கலங்கரை விளக்கம்: தீவின் அளவுகோல்

இன்னும் நடக்கத் தெம்பிருந்தால், சென்டர் ஐலண்டிலிருந்து மேற்கே அரைமணி நடையில் ஜிப்ரால்டர் பாயிண்ட் கலங்கரை விளக்கம். 1808-இல் எழுப்பிய அறுகோணக் கல் கோபுரம். முதலில் 16 மீட்டர். 1832-இல் 25 மீட்டராக உயர்த்தினார்கள். உச்சிக்கு அருகே கல்லின் நிறமும் வெட்டும் மாறும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதன் முதல் காவலர் 1815-இல் கொல்லப்பட்டதையும், அவரது ஆவி அங்கே உலவுகிறது என்ற பேச்சையும் கேட்க எந்தப் பிள்ளைக்கும் ஆசைதான்.

அதைவிடச் சுவையான கேள்வி ஒன்று இருக்கிறது: கலங்கரை விளக்கம் ஏன் தண்ணீரிலிருந்து இவ்வளவு தள்ளி நிற்கிறது? கட்டியபோது ஏரி சில அடி தூரத்தில்தான் இருந்தது. ஸ்கார்பரோ மணல் வந்து சேர்ந்துகொண்டே இருந்ததால் கரை முன்னேறி, இன்று கோபுரம் சுமார் 100 மீட்டர் உள்ளே இருக்கிறது. இப்போது நிலைமை தலைகீழ். பிளஃப்ஸின் அடிவாரத்தை அரிக்காதபடி பாறைகளால் கட்டிவிட்டார்கள். நடுவழியில் லெஸ்லி ஸ்ட்ரீட் ஸ்பிட் என்ற செயற்கை நிலக்கூர் மணலை மறிக்கிறது. புது மணல் வருவதில்லை. இருப்பதை அலை எடுத்துப் போகிறது. 2017-இல் ஏரி பெருகியபோது மே முதல் ஜூலை இறுதி வரை தீவுப் பூங்காவை மூடவே வேண்டியிருந்தது.

சில எச்சரிக்கைகள்

மணல்மேட்டுச் செடிகளுக்குள் பிள்ளைகளை விடாதீர்கள். மூன்று இலைகள் சேர்ந்திருக்கும் பாய்சன் ஐவி தோலைப் புண்ணாக்கும். கோடையின் தொடக்கத்தில் செந்தோள் கரும்பறவைகள் கூட்டைக் காக்கத் தலைக்கு மேல் பாய்ந்து வரும், தொப்பி போடுங்கள். ஹான்லன்ஸ் பீச்சின் ஒரு பகுதி ஆடை கட்டாயமில்லாத இடம். அறிவிப்புப் பலகையைப் பார்த்து வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள். குளிர்காலத்தில் ஃபெரி வார்ட்ஸுக்கு மட்டுமே ஓடும். கடைசி ஃபெரியின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். சென்டர் துறையில் மாலை ஐந்து மணிக்குமேல் வரிசை நீளும் என்பதால் அதற்கு முன் திரும்புவது பிள்ளைகளுக்கும் நல்லது.

அந்த ஏரிக்கரையை எங்கே காப்பது, எங்கே மணலைப் போக விடுவது என்ற முடிவுகளை எடுக்கப்போவது இன்று நம் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பிள்ளைகளின் தலைமுறை. ஓர் இடம் எப்படி உருவானது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அதைக் காக்கத் தோன்றும். இந்தக் கோடையில் ஒரு நாளை அதற்கென ஒதுக்குங்கள்.