விடுதிக்காரரும் பிரமநாயகம் பிள்ளையும்

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ 1943-இல் வெளிவந்த சிறுகதை. அதனைக் கல்லூரி நாள்களில் ஒருமுறை படித்தோம். மனைவியின் உயிரற்ற உடலருகே கண்ணீரின்றி அமர்ந்திருக்கும் பிரமநாயகம் பிள்ளையைக் கண்டு உள்ளூர முகம் சுளித்தோம். அண்மையில் மீண்டும் படித்தபோது அந்தச் சுளிப்பு நம்மீதே திரும்பியது. இடையில் நிகழ்ந்தது இதுதான்: பாளையங்கோட்டையில் வாழும் எம் உறவினரான அன்னை ஒருவர், நடுக்குவாதத்தால் வருந்திய தம் கணவருக்குப் பதினோர் ஆண்டுகள் பணிவிடை செய்து, அடக்கத்தன்று அழாமல் நின்றார். கல்லறையிலிருந்து திரும்பும் வழியிலேயே சிலர் அதைப் பேசினர். பேசியவர்களுள் நாமும் இருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

மருத்துவர்கள் இதனைப் பார்க்கின்சன் நோய் என்பர். இலண்டன் மருத்துவரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறு பேரைக் கொண்டு இந்நோயை விவரித்தார். அவர்களுள் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. தெருவில் தெரிவன கைநடுக்கமும் கூனலுமே. வீட்டுக்குள் தெரிவது வேறு. மூளையில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. சும்மா இருக்கும் விரல்கள், இல்லாத செபமாலையின் மணிகளை உருட்டுவனபோல் உருள்கின்றன. கையெழுத்து வரவரச் சிறுக்கிறது, குரல் தணிகிறது, முகம் மகிழ்ச்சியையும் சினத்தையும் காட்ட மறுக்கிறது. வாசற்படியருகே கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டவைபோல் நின்றுவிடுகின்றன. அதே கால்கள், எதிரே ஒரு கோலக்கோடு கிடந்தால் பலவேளைகளில் அதைத் தாண்டிவிடுவதும் உண்டு! லெவோடோப்பா மாத்திரை சற்றுப் பிந்தினால் சட்டைப் பொத்தான் இடுவது ஒரு காலைநேரத்தை விழுங்கிவிடும். புரதம் மிகுந்த உணவு சிலருக்கு அம்மருந்தைச் சரிவர உடலில் சேரவிடாது; ஆகவே பருப்புக்கும் மீனுக்கும்கூட நேரம் பார்க்க வேண்டும். (பூனைக்காலி விதையில் இதே மருந்துப்பொருள் இயற்கையாகவே உண்டு எனச் சித்த மருத்துவ அன்பர்கள் பெருமையோடு சொல்வர். பெருமை நியாயமானதே, ஆனால் மருத்துவரைக் கேளாமல் இரண்டையும் சேர்த்துத் தருதல் ஆபத்து.)

செல்லம்மாளின் நோய் இதுவன்று. எனினும் நீண்ட நோயோடு ஒரு வீடு எவ்வாறு நாள்களைக் கழிக்கிறது என்பதை அறிய, தமிழில் நாம் முதலில் நாடும் கதை இதுவே. ஆசிரியர் மரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறார். பிழைப்பாளா, மாட்டாளா என்ற பரபரப்பு அத்துடன் ஒழிகிறது. எஞ்சுவது வேலைதான்: சென்னையில் துணிக்கடை உழைப்பு, திரும்பி வந்து அடுப்பு மூட்டல், மயங்கிக் கிடப்பவளைத் தெளிவித்தல், அவளுக்கெனக் கொண்டுவந்த புடைவையைக் காட்டல். அவளோ திருநெல்வேலிச் சீமையை நினைத்துச் சிறுகிழங்குக்கு ஏங்குகிறாள். பிள்ளையைத் தியாகி என்று ஆசிரியர் ஓரிடத்திலும் புகழவில்லை. புகழ்ந்திருந்தால் கதை செத்திருக்கும். இறுதியில் அவருக்கு வரும் அமைதி அன்பின்மையால் வந்ததன்று. அன்பு முழுவதும் அன்றாடப் பணிகளிலேயே செலவாகிவிட்டது. அழுகைக்கென அவரிடம் மிச்சம் இல்லை.

நம் திருச்சபை எழுத்துகள் துன்பத்தைப் பற்றி நிறையவே பேசுகின்றன. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 பிப்ரவரி 11 அன்று, துன்பத்தின் மீட்பளிக்கும் பொருள் குறித்து ஒரு திருத்தூது மடல் வரைந்தார். பின்னாளில் நடுக்குவாதம் அவரையே பற்றியது. 2005 மார்ச் 27, உயிர்ப்பு ஞாயிறன்று, நோயும் தொண்டை அறுவையும் சேர்ந்து குரலைப் பறித்த நிலையில், அவர் சாளரத்தில் தோன்றிப் பேச முயன்று முடியாமல் கையால் ஆசி வழங்கியதைத் தொலைக்காட்சியில் கண்டு கலங்காதவர் யார்? ஆறு நாள்களுக்குப் பின் அவர் மறைந்தார். அம்மடலின் பிற்பகுதி நல்ல சமாரியரைப் பற்றியது, ஆழமான பகுதி. எனினும் நம் மறையுரைகள் பெரும்பாலும் சமாரியரோடு நின்றுவிடுகின்றன. அவர் காயம் கட்டினார், இரண்டு தெனாரியம் தந்தார், மறுநாள் தம் வழியே சென்றார். இரவில் புரட்டிப் படுக்க வைத்தவர், கஞ்சி ஊட்டியவர், துணி மாற்றியவர் விடுதிக்காரர் அல்லரோ? உவமையில் அவருக்கு ஒரு சொல்கூடப் பேச வாய்ப்பில்லை. நோயாளரைச் சிலுவை சுமப்பவர் என்று போற்றும் நாம், அவருக்குப் பொத்தான் இட்டுவிடும் கைகளைக் கவனிப்பதே இல்லை. புதுமைப்பித்தன் எழுதியது அந்த விடுதிக்காரரின் கதை என்றே இப்போது நமக்குத் தோன்றுகிறது.

கதையில் நமக்கு ஒரு குறையும் தோன்றுகிறது. செல்லம்மாளைப் பெரும்பாலும் பிள்ளையின் கண்வழியே காண்கிறோம்; அவள் உள்ளத்துக்குள் கதை நெடுநேரம் தங்குவதில்லை. சிறுகிழங்கு ஏக்கம் ஒன்றுதான் அவளைத் தனியொருத்தியாகக் காட்டுகிறது. நடுக்குவாத நோயாளரை நோக்க இது போதாது. அவர்களுள் பலருக்கு, உறைந்த முகத்தின் பின்னே அறிவு தெளிவாக விழித்திருக்கிறது. எம் உறவினரான அப்பெரியவர் நகைச்சுவை சொல்வார். முகம் சிரிக்காததால் கேட்பவரும் சிரிக்க மாட்டார். தாமிரபரணியில் குறுக்கே நீந்திய இளமைக்கதை ஒன்றை, மூன்று சொல்லுக்கொரு முறை நின்று நின்று சொன்னபோது, அவசரத்தால் நாமே வாக்கியத்தை முடித்துவிட்டோம். அவர் சொல்லவந்தது நாம் முடித்தது அன்று என்று அவர் மனைவிதான் பிறகு விளக்கினார். உள்ளே இருப்பவரின் குரலில் ஒரு தமிழ்க்கதையைப் படிக்க விழைகிறோம்.

சென்ற தை மாதம் சந்தையில் சிறுகிழங்கு வந்தபோது, கொஞ்சம் கிழங்கும் இக்கதை அடங்கிய நூலும் எடுத்துக்கொண்டு அவ்வன்னையைக் காணச் சென்றோம். அடக்கத்தன்று நாம் பேசியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதே நோக்கம். சொல்லத் துணிவு வரவில்லை. அவர் கண்ணாடி அணிந்து, மாலைவரை மெல்லப் படித்து முடித்தார். பிள்ளை அழாததைப் பற்றி ஏதேனும் கூறுவார் எனக் காத்திருந்தோம். அவர் கேட்டது வேறு:

“தம்பி, இந்த மனுசர் என்னைக்காவது ஒரு ராத்திரி முழுசா உறங்கியிருப்பாரா?”