'ஷேடோரன்' விளையாட்டின் ஜப்பான்

ஷேடோரன், அமெரிக்காவின் ஃபாசா நிறுவனம் 1989-இல் வெளியிட்ட பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. கதைக்காலம் 2050. அதில் ஜப்பான் மீண்டும் பேரரசாகிவிட்டது. 'நியூயென்' உலகப் பணமாகிவிட்டது. ரென்ராகு, மிட்சுஹாமா போன்ற கற்பனை நிறுவனங்கள் நாடுகளின் சட்டத்துக்குக் கட்டுப்படாமல் இயங்குகின்றன.

அன்றைய அமெரிக்காவின் அச்சமே இதில் தெரிகிறது. அதே 1989-இல் சோனி கொலம்பியா பிக்சர்ஸை வாங்கியது. மிட்சுபிஷி எஸ்டேட் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மையத்தில் பெரும்பங்கு பெற்றது. ஆண்டின் கடைசி வணிக நாளில் நிக்கேய் பங்குக் குறியீடு 38,915 புள்ளிகளில் நின்றது. பிறகு சரிந்து, அந்த உயரத்தை 2024-இல்தான் தாண்டியது.

மந்திரமும் டிராகனும் உலவும் விளையாட்டில் புள்ளிவிவரம் தேடலாமா என்று கேட்கலாம். டிராகனை விட்டுவிடுவோம். பணத்தையும் அரசையும் நம்பும்படி காட்ட முயல்வதால் இந்தக் கேள்வி எழுகிறது: பேரரசின் படைக்கும் ஆலைக்கும் ஆள் எங்கே? 1989-இல் ஜப்பானியப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 1.57 குழந்தைகளே, மக்கள்தொகை குறையாதிருக்க ஏறத்தாழ 2.1 வேண்டும். பங்குச்சந்தையைப் பார்த்தவர்கள் பிரசவ விடுதியைப் பார்க்கவில்லை. 2023-இல் அந்நாட்டில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சுமார் 29 விழுக்காடு.