களிமண்ணும் உபதேசியாரும்: ஓர் உவமையைப் பற்றிச் சில குறிப்புகள்

"தேவன் எளியவர்களைக் கொண்டு பெரிய காரியம் செய்கிறார்." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் தமிழ்க் கிறிஸ்தவ உலகில் ஒரு வருஷத்தைக் கூட ஓட்ட முடியாது. கன்வென்ஷன் பந்தலில் கேட்கலாம், சபை நூற்றாண்டு மலரில் வாசிக்கலாம், அடக்க ஆராதனையிலும் காதில் விழும். கூடவே குயவன்-களிமண் உவமையும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் வெறும் மண், அவர் வனைகிறவர். நான் கருவி, அவர் கை.

வாக்கியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நானும் அதை நம்புகிறவன்தான். ஆனால் இதை யார், யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பார்க்கணும். "நான் வெறும் மண்" என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் அது தாழ்மை. "அவர் வெறும் மண்" என்று இன்னொருவரைப் பற்றிச் சொன்னால்? அங்கே தாழ்மை எங்கே இருக்கு? தன்மையில் சொல்ல வேண்டிய ஒன்றைப் படர்க்கையில் சொல்லிவிட்டு, அதே புண்ணியத்தை எடுத்துக்கொள்கிறோம். நம் பிரசங்கங்களும் மிஷனெரி வரலாறுகளும் இதைத் தொடர்ந்து செய்துவருகின்றன என்பதுதான் என் புகார்.

முதலில் உவமையையே எடுத்துக்கொள்வோம். நான் இருப்பது கம்மாபுரம். பக்கத்தில் விருத்தாசலம். செராமிக் பொம்மை, கார்த்திகைக்கு அகல், கொலுவுக்குச் சாமி சிலை என்று எல்லாம் செய்கிற ஊர். இந்தப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு மண் என்பது பேசாமல் கிடந்து, சொன்னபடி கேட்கிற பொருள் இல்லை. பொம்மைக்கு மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு தண்ணீரை உறிஞ்ச, உறிஞ்ச, சுவரோடு ஒரு படலம் கெட்டிப்படும். மிச்சக் கூழைத் திருப்பி ஊற்றிவிட்டு, காய்ந்ததும் அச்சைப் பிரிப்பார்கள். கேட்கும்போது அச்சு சொன்னபடி மண் கேட்டமாதிரிதான் இருக்கும். ஆனால் கூழ் எவ்வளவு நீர்த்திருக்கணும், எவ்வளவு நேரம் நிற்கணும், காயும்போது எவ்வளவு சுருங்கும், எந்தச் சூட்டில் வேகும் என்பதையெல்லாம் மண்தான் தீர்மானிக்கும். செய்கிறவர் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் ஆகணும்.

இன்னொன்றும் உண்டு. மட்பாண்டத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மண்ணுக்கு ஞாபகம் உண்டு என்று. ஈரப் பலகையாக இருக்கும்போது ஒருதரம் வளைத்துவிட்டுத் திரும்ப நேராக்கி வைத்தால் பார்க்க நேராகத்தான் இருக்கும். சூளைக்குள் போனதும் பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். முன்பு தன்னை என்ன செய்தார்கள் என்பதை மண் வைத்துக்கொண்டிருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு எரேமியா 18-ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்கு இறங்கிப் போகிறார். சக்கரத்தில் வனைகிற பாண்டம் கெட்டுப்போகிறது. குயவன் அதே மண்ணை வேறு பாண்டமாக வனைகிறான். நம் பிரசங்கம் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். "அவர் சித்தம், நாம் மண்" என்று முடித்துவிடுவார்கள். ஆனால் அடுத்த வசனங்கள்தான் உவமையின் பொருளைச் சொல்கின்றன. ஒரு ஜனம் தன் வழியை விட்டுத் திரும்பினால் கடவுளும் தான் செய்ய நினைத்த தீங்கை விட்டுவிடுகிறார். ஜனம் கெட்டுப்போனால் செய்ய நினைத்த நன்மையையும் விட்டுவிடுகிறார். அதாவது இந்த மண் பதில் சொல்கிற மண். குயவன் அதன் பதிலைப் பார்த்துத் தன் கையை மாற்றிக்கொள்கிறான். அசையாத பாண்டம் அடுத்த அதிகாரத்தில் வருகிறது. வெந்து இறுகிப்போன கலயம். அதை வனைய முடியாது, உடைக்கத்தான் முடிகிறது. குயவனைக் கூப்பிட்டுப் பாடுகிற நம் பாட்டுகளில் 18-ஆம் அதிகாரத்தின் பின்பாதி ஏன் வருவதில்லை என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். உவமை நிஜ மனிதர்கள் மேல் எப்படிப் பிரயோகம் ஆனது என்பதற்கு எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரிலிருந்து தொடங்கலாம். ஆரோன். கடலூர்க்காரர், வேளாளர், பழைய பெயர் ஆறுமுகம். 1718-ல் தரங்கம்பாடி மிஷனில் ஞானஸ்நானம். பிறகு உபதேசியார். 1733 டிசம்பர் 28-ஆம் தேதி தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவில் புராட்டஸ்டண்ட் சபை ஒன்றில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கி இருபத்தேழு வருஷத்தில் நடந்த காரியம். அந்தக் காலத்துக்கு அது சின்ன விஷயமில்லை. அதற்கான மரியாதையைக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போகணும்.

அடுத்த பெயர் ராஜநாயக்கன். தஞ்சாவூர் மன்னரின் படையில் இருந்தவர். ரோமன் கத்தோலிக்கக் குடும்பம், பறையர். தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் 1714-ல் அச்சான நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் சேர்ந்த தமிழ்ப் புத்தகம் அவர் கையில் கிடைக்கிறது. அவரிடம் பாதிரியார் யாரும் போகவில்லை. புத்தகம்தான் போனது. அதை வாசித்துவிட்டு அவராகவே மிஷனோடு தொடர்பு கொண்டார். 1720-களின் கடைசியில் படையை விட்டுவிட்டு உபதேசியார் ஆனார். அப்போது தஞ்சாவூர் சீமைக்குள் ஐரோப்பிய மிஷனெரிகள் நினைத்த நேரம் நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாது. உள்நாட்டில் நடந்த வேலை பெரும்பாலும் இவரைப் போன்றவர்களின் காலில்தான் நடந்தது.

குருப்பட்டத்துக்கு அவர் பெயரும் யோசிக்கப்பட்டது. அவருடைய விசுவாசத்தையோ திறமையையோ யாரும் குறை சொல்லவில்லை. தடையாக வந்தது ஜாதி. ஒரு பறையர் கையிலிருந்து இராப்போஜனம் வாங்க மற்ற ஜாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்று மிஷனெரிகள் நினைத்தார்கள். தங்களுக்கே அது நெருடலாக இருந்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. 1741-ல் குருப்பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் 1771-ல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். ஏறக்குறைய நாற்பது வருஷ ஊழியம்.

இந்த இடத்தில்தான் வாக்கியம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கணும். தேவன் எளியவர்களைக் கொண்டு வேலை செய்கிறார் என்பதில் தரங்கம்பாடியில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. அவர்கள் பக்தி மரபே அப்படி. ஹாலே நகரில் பிராங்கே அநாதைப் பிள்ளைகளுக்காகக் கட்டிய இல்லத்திலிருந்து எழுந்த இயக்கம் அது. ராஜநாயக்கன் பிரசங்கிக்கலாம், மழையிலும் வெயிலிலும் ஊர் ஊராகப் போகலாம், அடி வாங்கலாம். அதெல்லாம் தேவன் அவரைக் கொண்டு செய்கிற வேலை. அப்பத்தையும் ரசத்தையும் அவர் கையிலிருந்து நாங்கள் வாங்குவது மட்டும் முடியாது. கருவி என்கிற வரையில் சம்மதம். கை என்று வந்தால் தயக்கம்.

அப்படியானால் இந்தக் கதையில் தாழ்மை யாரிடம் எதிர்பார்க்கப்பட்டது? ராஜநாயக்கனிடம். நாற்பது வருஷம் அவர் அதைக் கொடுத்தார். யாரிடம் அது தேவையாக இருந்தது? குருப்பட்டம் கொடுக்கும் அதிகாரம் வைத்திருந்தவர்களிடம். எளிய மனிதர் வழியாகக் கடவுள் வேலை செய்ய *விட* வேண்டும் என்றால், விட வேண்டியது வழியில் நிற்கிறவர்தான். களிமண்ணிடம் போய்த் தாழ்ந்திரு என்று போதிப்பதில் என்ன இருக்கு? அது ஏற்கெனவே தரையில்தானே கிடக்கிறது.

வேதாகமத்திலேயே இதற்குச் சரியான முன்னுதாரணம் இருக்கு. அப்போஸ்தலர் நடபடிகள், ராஜநாயக்கன் கையில் கிடைத்த அதே புத்தகத்தில். கொர்நேலியு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த பேதுருவை எருசலேமில் கேள்வி கேட்கிறார்கள். புறஜாதியார் வீட்டில் எப்படிச் சாப்பிடலாம்? பேதுரு தன் பதிலின் முடிவில், கடவுளைத் தடுக்க நான் யார் என்கிறார். கொர்நேலியுவைப் பார்த்து நீ வெறும் மண் என்று அவர் சொல்லவில்லை. தன்னைத்தான் ஓரமாக நிறுத்திக்கொள்கிறார். அங்கேயும் பிரச்சினை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான் என்பதைக் கவனியுங்கள். எங்கோ தொலைதூரத்தில் நடந்த கதை என்று ஒதுக்கமுடியாது. தரங்கம்பாடியில் தடுமாறியதும் அதே பந்தியில்தான்.

மிஷனெரிகளுக்கு ஒரு நியாயம் சொல்லணும். ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார் என்று எனக்குத் தெரிவதற்குக் காரணமே அவர்கள்தான். தரங்கம்பாடியிலிருந்து ஹாலேவுக்கு அனுப்பிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் அங்கே தொடர்ந்து அச்சிடப்பட்டன. உபதேசியார்கள் சொன்ன செய்திகளும் அதில் ஜெர்மன் மொழியில் ஏறின. நன்கொடை கொடுக்கிறவர்கள் வாசிப்பதற்காகத் தயாரான அறிக்கைகள் அவை. அதனால் பூசி மெழுகியும் இருக்கும், சந்தேகமில்லை. ஆனாலும் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, சண்டை இருக்கிறது. அவரை ஏன் ஒதுக்கினோம் என்கிற காரணம் கூட இருக்கிறது. தங்கள் தடுமாற்றத்தை அவர்கள் எழுதி வைத்தார்கள். அதற்குப் பின்னால் வந்த நம் பக்திப் புத்தகங்கள்தான் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, "பல எளிய ஊழியர்களைத் தேவன் பயன்படுத்தினார்" என்று ஒரே வரியில் மூடிவிட்டன. ஆவணத்தில் இருந்த மனிதர் பக்தியில் காணாமல் போனார்.

சபை நூற்றாண்டு மலர் ஒன்றைக் கையில் எடுத்தால் இதை நேராகப் பார்க்கலாம். ஆயர்கள் பட்டியல் வருஷத்தோடு, படத்தோடு இருக்கும். மிஷனெரிகளுக்கு முழுப் பக்கம். உபதேசியார், கோயில்பிள்ளை, ஞாயிறு பள்ளி நடத்திய அக்காக்கள், வேதப் பெண்மணிகள் எல்லோரும் "மற்றும் பலர்". இதைக் குறையாகச் சொன்னால், அவர்கள் பேருக்காகச் செய்யவில்லையே தம்பி என்று பதில் வரும். உண்மைதான், அவர்கள் பேருக்காகச் செய்யவில்லை. ஆனால் அது அவர்கள் எடுத்த முடிவு. அவர்கள் பெயரை விட்டது நாம் எடுத்த முடிவு. இரண்டையும் ஒன்றாக்கக்கூடாது.

குயவனுக்கு மண்ணின்மேல் அதிகாரம் இல்லையா என்று பவுல் கேட்பது ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 9-ஆம் அதிகாரத்தில். கனமான காரியத்துக்கு ஒரு பாத்திரம், கனவீனமான காரியத்துக்கு இன்னொன்று. ஜாதிக்கு ஆதாரம் தேடுகிறவர்களுக்கு ரொம்ப வசதியான இடம் இது. பவுல் அங்கே பேசுவது இஸ்ரவேலையும் புறஜாதியாரையும் பற்றி, உள்ளே இருக்கிறோம் என்று நிச்சயமாக நம்பியவர்களின் நிச்சயத்தைக் கலைக்கிற வாதம். அது கிடக்கட்டும். அதே நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தை யாரும் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை. வெறும் பெயர்ப் பட்டியல், அதில் என்ன பிரசங்கம் பண்ண? கெங்கிரேயா சபையின் பெபேயாள், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா, அம்பிலியா, உர்பான், பெர்சியாள் என்று இருபதுக்கும் மேற்பட்ட பேர். அம்பிலியா, உர்பான் போன்றவை ரோமில் அடிமைகளிடையே சாதாரணமாகப் புழங்கிய பெயர்கள். பவுல் சொல்லச் சொல்ல எழுதினவர் தெர்தியு. நடுவில் அவரும் தன் பெயரைச் சொல்லி ஒரு வாழ்த்துப் போட்டுக்கொள்கிறார். எழுதுகோலைப் பிடித்த கை தன் பெயரை எழுதிக்கொண்டது, பவுலும் அதை அடிக்கவில்லை.

பிரசங்கத்தைவிடப் பேரேடு நேர்மையானது என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது. பாளையங்கோட்டை சபையின் 1780-ஆம் வருஷப் பதிவில் 40 பேர் இருக்கிறார்கள். முதலில் இருப்பது குளோரிந்தாள், 1778-ல் சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் பெற்ற மராத்திப் பிராமண விதவை. 1785-ல் அங்கே கட்டிய கோயிலுக்கு முன்னின்றவர். அவரைப் பற்றி அ. மாதவையா 1915-ல் ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார். அவரோடு அதே பட்டியலில் நிற்கிற மிச்சப் பேருக்கு நாவல் இல்லை, கல்வெட்டும் இல்லை. பெயர் இருக்கிறது. நூற்றாண்டு மலருக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கிற நண்பர்கள் யாராவது இதை வாசித்தால், ஆயர் படங்களைத் தேடுகிற அலைச்சலோடு ஆலய அலமாரியில் இருக்கிற ஞானஸ்நான, விவாகப் பேரேடுகளையும் ஒருதரம் இறக்கிப் பாருங்கள். சாட்சிக் கையெழுத்துப் போடுகிற கட்டத்தில் பெரும்பாலும் உபதேசியார் பெயர் இருக்கும். கரையான் அரிப்பதற்குள் செய்யணும்.