நயாகராவுக்கு அப்புறம் என்ன பார்த்தீங்க?

எங்க கணியூர்ல எங்க தெருவுல ஒரு அண்ணன் இருக்கார். ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் ரிங் ஃபிரேம் பார்த்து ரிட்டயர் ஆனவர். மகன் நியூ ஜெர்சியில் வேலை. போன வருஷம் விசிட்டர் விசா கிடைச்சு, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஆறு மாசத்துக்குக் கிளம்பினாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து, "தம்பி, நீ படிக்கிற ஆளு. அங்க போனா எதெதெல்லாம் பாக்கோணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு" என்றார்.

பத்து நிமிஷத்தில் எழுதிட்டேன். சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் ஸ்கொயர், நயாகரா, வாஷிங்டன் வெள்ளை மாளிகை, பிட்ஸ்பர்க் வெங்கடேசப் பெருமாள், சிகாகோவில் விவேகானந்தர் பேசின இடம், முடிஞ்சா டிஸ்னி, லாஸ் வேகாஸ், கிராண்ட் கேன்யன், சான் ஃபிரான்சிஸ்கோ பாலம்.

எழுதி முடிச்சதும் ஒரு கேள்வி உறைச்சது. நான் அமெரிக்கா போனதே இல்லை. அப்புறம் எப்படி யோசிக்காமல் பத்து நிமிஷத்தில் எழுதினேன்? அந்தப் பட்டியல் எனக்குள்ள எப்போ வந்து உக்காந்தது? அதைத் தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இது.

முதல் காரணம் நம்ம பயண எழுத்து. ஏ.கே. செட்டியார் 1930களில் நியூயார்க்கில் புகைப்படக் கலை படித்தவர். காந்தி பற்றிய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து 1940இல் ஆவணப்படத்தை வெளியிட்டவர். அவருடைய 'உலகம் சுற்றும் தமிழன்' வந்த காலத்தில், படிக்கிறவரில் நூற்றில் ஒருத்தர்கூடக் கப்பல் ஏறப் போறதில்லை. பிறகு மணியன் ஆனந்த விகடனில் பயணத் தொடர்கள் எழுதின காலத்திலும் நிலைமை பெரிசா மாறலை. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு, விமானக் கட்டணம், எல்லாம் சேர்ந்து வெளிநாடு என்பது பத்திரிகையில் படிக்கிற ஒன்று. அதனால எழுதுறவருக்கு ஒரு வேலை இருந்தது: வர முடியாதவங்களுக்காகப் பார்த்துச் சொல்றது. எவ்வளவு உயரம், எத்தனை மாடி, எவ்வளவு தண்ணி விழுது. அது நியாயமான வேலைதான்.

செட்டியாரைப் படிக்கும்போது இன்னொன்றும் கவனிக்கலாம். அவர் தன்னைப் பற்றிச் சொல்வது குறைவு. சின்னச் சின்ன வாக்கியங்களில், எதிர்ப்பட்ட மனிதர்களைத்தான் அதிகம் காட்டுவார். பிறகு வந்தவர்களில் பலர் அவரிடமிருந்து இடங்களை எடுத்துக்கிட்டாங்க, மனிதர்களை விட்டுட்டாங்க என்பது என் கணிப்பு.

இன்னைக்கு நிலைமை தலைகீழ். உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் "பையன் அமெரிக்காவுல" என்கிற வீடு ஒண்ணாவது இருக்கு. படிச்சவங்களே போறாங்க. ஆனா எழுத்து மட்டும், போக முடியாதவங்களுக்காக உருவான பழைய அச்சிலேயே நிக்குது. விமான நிலைய வரிசை, அதிகாரி கேட்ட கேள்வி, அகலமான ரோடு, சுத்தம், நயாகரா, "நம்ம ஊரும் இப்படி ஆகணும்" என்கிற பெருமூச்சு. யூடியூப் வந்த பிறகும் அதே வரிசைதான். பேரை மறைச்சிட்டா யார் எழுதினதுன்னு கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அதுதான் குறையாகப் படுது. ஒரு ஊரைப் பார்த்துட்டு வந்த பத்துப் பேர் ஒரே மாதிரி எழுதினா, அந்தப் பத்துப் பேரும் தங்கள் கண்ணால் பார்க்கலைன்னு அர்த்தம்.

இதுக்கு எதிர்ப்பக்கம் வைக்கிற புத்தகம் அசோகமித்திரனின் 'ஒற்றன்'. அவர் 1973இல் அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குப் போய் ஏழு மாசம் தங்கினார். அந்த அனுபவம் 1985இல் நாவலாக வந்தது. அயோவா சிட்டி சுற்றுலாப் பட்டியல் எதிலும் வராத ஊர். சுத்திலும் சோளக்காடு. நாவலில் பெரிய சம்பவம்னு எதுவும் கிடையாது. குளிர், சாப்பாடு, பல நாட்டு எழுத்தாளர்களோட ஒரே கட்டடத்தில் குடித்தனம், பாஷை புரியாமல் வருகிற சங்கடம், அதையும் மீறி வருகிற ஒட்டுதல். இவ்வளவுதான். ஆனா படிச்சு முடிச்சா, அமெரிக்காவில் ஒரு தமிழன் ஏழு மாசம் இருந்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சிடும்.

பிள்ளைகளைப் பார்க்கப் போற நம்ம அப்பா அம்மாக்கள் வாழ்றது 'ஒற்றன்' வாழ்க்கை. ஆறு மாசத்தில் நயாகராவுக்கு ரெண்டு நாள், நியூயார்க்குக்கு ரெண்டு நாள். மிச்ச நாளெல்லாம் புறநகர் வீடு. கார் ஓட்டத் தெரியாது, பல இடங்களில் நடைபாதையும் கிடையாது, கடைக்குப் போகணும்னா மகன் வரணும். பார்க்கில் தினமும் எதிரே வர்ற சீனத்துப் பாட்டியோட பேச ஒரு வார்த்தை இல்லை, ஆனாலும் ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில் உக்காருவாங்க. திரும்பி வந்ததும் என்ன சொல்றாங்க? நயாகரா. அந்தப் பாட்டியைப் பத்தி யாரும் கேட்கிறதும் இல்லை, இவங்க சொல்றதும் இல்லை. 'சொல்லத் தக்கது' எதுன்னு பட்டியல் ஏற்கெனவே முடிவு பண்ணிடுச்சு.

'ஒற்றன்' என்ற சொல்லைப் பிடிச்சுக்கிட்டே இன்னொரு பக்கம் போனேன். பாஸ்டன்காரர் ஃபிரான்சிஸ் கபோட் லோவெல், 1810இல் உடம்பு சரியில்லைன்னு குடும்பத்தோட இங்கிலாந்து போனார். சுற்றுலாப் பயணியாக மான்செஸ்டர் பக்கம் மில்களைப் பார்த்தார். அப்போ நெசவு இயந்திரங்களின் வரைபடத்தை நாட்டை விட்டு எடுத்துப் போகத் தடை. இவர் பார்த்ததையெல்லாம் மனசில் வாங்கிக்கிட்டு வந்து, ஒரு மெக்கானிக்கை வைத்து விசைத்தறியைச் செய்தார். பாஸ்டன் பக்கம் வால்தாமில் மில் வந்தது. அவர் 1817இல் இறந்த பிறகு, கூட்டாளிகள் மெரிமாக் ஆற்றங்கரையில் ஒரு ஜவுளி நகரத்தையே கட்டி அவர் பேரை வெச்சாங்க. அமெரிக்காவின் ஜவுளித் தொழிலை வளர்த்தது, கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுப் போன ஒரு டூரிஸ்ட். அவர் கையில் மட்டும் நான் எழுதின மாதிரி ஒரு பேப்பர் இருந்திருந்தா?

அந்த லோவெல் நகரம் பாஸ்டனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். 1978இலிருந்து அது தேசிய வரலாற்றுப் பூங்கா. பூட் காட்டன் மில்ஸ் என்கிற பழைய மில்லை மியூசியமாக வெச்சிருக்காங்க. அங்க தறிக்கூடத்தில் பழைய தறிகளை ஓட்டிக் காட்டுறது வழக்கம். சத்தம் தாங்காதுன்னு காதில் அடைச்சுக்கப் பஞ்சு மாதிரி ஒண்ணு கொடுப்பாங்களாம். நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு அது தேவைப்படாது.

ஆனா நான் சொல்ல வந்தது தறி இல்லை, பொண்ணுங்க. லோவெல் மில்களில் வேலை செஞ்சவங்க பெரும்பாலும் சுத்துவட்டார விவசாயக் குடும்பத்து இளம்பெண்கள். கம்பெனி விடுதியில் தங்கணும். ராத்திரி பத்து மணிக்குக் கதவு அடைச்சிடும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை. அண்ணன் தம்பி படிப்புக்கு, தன் கல்யாணத்துக்குப் பணம் சேர்க்க வந்தவங்க நிறைய. 1834இல் கூலியைக் குறைச்சப்போ வேலையை நிறுத்தி வெளியே வந்தாங்க. 1836இல் மறுபடியும். 'லோவெல் ஆஃபரிங்' என்று அவங்களே எழுதின பத்திரிகையும் நடந்தது.

இதைப் படிக்கும்போது 'சுமங்கலித் திட்டம்' ஞாபகம் வரலைன்னா நாம இந்த ஜில்லாக்காரங்களே இல்லை. மூணு வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை செஞ்சா, கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று நம்ம பக்கத்து நூல் மில்கள் பலவற்றில் நடந்த அதே ஏற்பாடு. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இடைவெளி, கணக்கு மட்டும் மாறலை. லோவெலுக்குப் பஞ்சு வந்தது தெற்கே அடிமைகள் உழைச்ச தோட்டங்களிலிருந்து என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுசாகும்.

அடுத்தது நியூயார்க். வாஷிங்டன் ஸ்கொயர் பார்க்குக்குப் பக்கத்துத் தெருமுனையில் ஒரு பத்து மாடிக் கட்டடம். இப்போ நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வகுப்புகள் நடக்குது. 1911 மார்ச் 25, சனிக்கிழமை சாயங்காலம், அதன் மேல் மூணு மாடியில் இருந்த ட்ரையாங்கிள் என்கிற பிளவுஸ் கம்பெனியில் தீப்பிடிச்சது. ஆரம்பிச்சது எட்டாவது மாடியில், கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடந்த கட்டிங் வேஸ்டில். ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடி வரைக்கும்தான் எட்டியது. 146 பேர் செத்தாங்க. பெரும்பாலும் இத்தாலி, யூதக் குடியேறிக் குடும்பங்களின் இளம்பெண்கள். முதலாளிகள் விடுதலை ஆகிட்டாங்க. ஆனா அதுக்கப்புறம்தான் நியூயார்க் மாநிலத்தில் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் வரிசையாக வந்தன. தெருவில் நின்னு அந்தத் தீயைப் பார்த்த ஃபிரான்சஸ் பெர்கின்ஸ், 1933இல் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார். 2023 அக்டோபரில் அந்தக் கட்டடத்தின் மூலையில் ஒரு நினைவுச் சின்னம் வெச்சாங்க. ஸ்டீல் பட்டையில் செத்தவங்க பேரும் வயசும் வெட்டியிருக்கு. டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது, தெருவில் நின்னு பார்க்கலாம்.

மூணாவது சிகாகோ. விவேகானந்தர் 1893இல் பேசின கட்டடம் இப்போ ஆர்ட் இன்ஸ்டிட்யூட். நம்ம ஆளுங்க தேடிப் போய்ப் பார்க்கிறாங்க. அமெரிக்கக் கையேடு எழுதினவங்க அதைப் பெரிசா வெச்சது கிடையாது. நமக்கு வேணும்னு நாம சேர்த்துக்கிட்டது. அப்போ பட்டியலை மாத்த நமக்குத் தெரியும்னுதானே அர்த்தம்? அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் ஹேமார்க்கெட் இருக்கு. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே முதல் தேதி நடந்த வேலைநிறுத்தம், நாலாம் தேதி கூட்டத்தில் வெடிச்ச குண்டு, மறு வருஷம் நாலு பேர் தூக்கில். மே தினம் அங்கிருந்து கிளம்பி, 1923இல் சிங்காரவேலர் மூலமாக மெட்ராஸ் கடற்கரைக்கு வந்தது. அமெரிக்காவில் தொழிலாளர் தினம் செப்டம்பரில். மே முதல் தேதி அங்க லீவு இல்லை, திருப்பூரில் லீவு. 'ஒன்றரை ஷிப்ட்' என்கிற வார்த்தை புழங்குற ஊர்க்காரன், எட்டு மணி நேரத்துக்காகக் கேட்ட இடத்தைத் தாண்டிப் போறான், அது அங்க இருக்குன்னே தெரியாமல்.

இதில் நமக்கு ஒரு பதில் கடனும் இருக்கு. ஷரத் சாரி என்கிற ஆய்வாளர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனிகளையும், தொழிலாளியாக இருந்து முதலாளியான கவுண்டர்களையும், 1984இல் 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தையும் பார்த்து எழுதினார். 2004இல் புத்தகமாக வந்தது. அங்கிருந்து வந்தவர் நம்ம ஊரை இவ்வளவு பார்த்தார். நாம அங்க போய் அருவியை மட்டும் பார்த்துட்டு வர்றோம்.

இதையெல்லாம் அந்த அண்ணன்கிட்டச் சொன்னேன். அவர் சிரிச்சார். "ஏந்தம்பி, முப்பது வருசம் பஞ்சுத் தூசியத் தின்னுட்டு, அங்கயும் போயி மில்லையா பாக்கச் சொல்ற?" என்றார்.

எனக்குப் பதில் வரலை. இன்னைக்கும் முழுசா இல்லை. அவர் கேட்டது சரிதான். ஓய்வுக்குப் போறவர்கிட்டப் பாடம் படிக்கச் சொல்றது எழுதுறவனின் திமிர். நயாகரா உண்மையிலேயே பெரிய அருவிதான், அதைப் பார்த்து வாய் பிளக்கிறதில் ஒரு தப்பும் இல்லை. நான் சொல்றது, அதை எடுத்துட்டு இதை வைங்கன்னு இல்லை. மத்தவங்க எழுதின பேப்பருக்குக் கீழே நமக்குன்னு ரெண்டு வரி இருக்கட்டும், அவ்வளவுதான். அந்த ரெண்டு வரி ஆளுக்கு ஆள் மாறும். தென்னந்தோப்புக்காரருக்கு வேற, டீச்சருக்கு வேற. அப்பதான் பத்துப் பேர் எழுதினா பத்து மாதிரி வரும்.

அண்ணன் திரும்பி வந்து ரெண்டு மாசம் ஆச்சு. லோவெல் போகலை. நயாகராதான் எல்லாத்திலும் மேல் என்றார், போட்டோ காட்டினார். எழுந்து போறப்போ வாசலில் நின்னு சொன்னார்: "நீ சொன்ன அந்தத் தீப்புடிச்ச பில்டிங்குக்குப் பையன் கூட்டிட்டுப் போனான். பேருக்குப் பக்கத்துல வயசு போட்டிருக்குது தம்பி. பதினாலுன்னு போட்டிருக்குது." கொஞ்ச நேரம் நின்னார். "எங்க மில்லுலயும் அந்த வயசுப் புள்ளைங்க வந்திருக்குது" என்றார்.

முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் மில்லைப் பத்தி என்கிட்ட இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.